அக்கரை அட்டை

அட்டையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அது தெரியாவிட்டால் மற்றது எதுவும் விளங்காது.

மழைக்காட்டில் ஒரு சிறு மான் இனம் இருக்கிறது. முயலைவிடக் கொஞ்சம் பெரிது. மனித வாடை பட்டால் இருந்த இடம் தெரியாமல் போய்விடும். எத்தனை மிச்சம் இருக்கிறது, எந்தச் சரிவில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. முன்பெல்லாம் தெரிந்துகொள்ள ஒரே வழி, சுட்டுத் தூக்கிவந்து மேசையில் கிடத்துவது. இப்போது மானை விட்டுவிட்டு அட்டையைப் பிடிக்கிறார்கள். மானின் காலில் ஒட்டிக் குடித்த அட்டை, வயிறு நிறைந்ததும் விழுந்து இலைக்கடியில் கிடக்கும். குடித்த ரத்தத்தின் மிச்சம் மாதக்கணக்கில் அதன் வயிற்றில் இருக்கும். மறுபடி பசித்துத் தலையைத் தூக்கி ஆடும்போது இடுக்கியால் எடுத்து மூடிபோட்ட சிறு குழாயில் போட்டு, இடத்தின் பெயரை எழுதி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவார்கள். அங்கே அதன் வயிற்றை அறுத்து, உள்ளே இருப்பது யாருடைய ரத்தம் என்று படித்துவிடுவார்கள். தன்னைக் கணக்கெடுத்தார்கள் என்பதே மானுக்குத் தெரியாது.

என் கணவருக்கு அட்டை பிடிக்கும் வேலை. அவருடைய அக்காவுக்கு, நான் அண்ணி என்று கூப்பிடும் நாத்தனாருக்கு, அட்டை அறுக்கும் வேலை. மூவரும் ஒரே வீட்டில்தான் இருந்தோம். அண்ணிக்கு மாடி அறை.

"உங்க வீட்ல கட்டிக்கொடுக்கும்போது சொல்லலையா? இது ரத்தம் குடிக்கிற குடும்பம்," என்பார் அவர்.

"நான் அறுக்கிறவடா. குடிக்கிறவன் நீ," என்பார் அண்ணி.

நான் கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். ரத்தம், காடு எதுவும் எனக்கு ஆகாது.

அவர் காணாமல் போனது மழை வலுத்த நாட்களில். கூட வந்தவர்கள் கூடாரத்தில் அடுப்புப் பற்றவைத்துக்கொண்டிருந்தபோது, ஓடைக்கரை வரை ஒரு நடை பார்த்துவிட்டு வருகிறேன் என்று போயிருக்கிறார். மேலே எங்கோ கொட்டிய மழை ஓடையில் ஒரேயடியாக இறங்கியிருக்கிறது. அதற்குப் பிறகு அவரைப் பார்த்தவர் இல்லை.

இக்கரை முழுக்கத் தேடினார்கள். ஓடை ஆற்றில் சேரும் இடம் வரை தேடினார்கள். அக்கரையில் மட்டும் தேடவில்லை. "அந்தத் தண்ணில யாராலயும் தாண்டியிருக்க முடியாதும்மா," என்றார் வனத்துறை ரேஞ்சர். பிறகு தேடுவதை நிறுத்தினார்கள். தெருவில் என்னைப் பார்த்தவர்கள், எதிரே வரும் வண்டிக்கு வழிவிடுவதுபோல ஒதுங்கி நின்றார்கள்.

மழை சற்று ஓய்ந்ததும், மான் கணக்கு நிற்கக்கூடாது என்று, வேறொரு குழு மலையைச் சுற்றிக்கொண்டு அக்கரைக்குப் போய் அட்டை பிடித்து அனுப்பியது. குழாய்கள் அண்ணியின் மேசைக்கு வந்தன.

அடுத்த வாரம் அண்ணி கடைக்குள் வந்து நின்றார். ஆய்வுக்கூடத்தில் மட்டும் போடும் ரப்பர் செருப்பைக்கூட மாற்றவில்லை. நான் ஒரு பெரியவரின் மூக்கில் கண்ணாடிச் சட்டத்தை வைத்து அளவு பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அவன் அக்கரைக்குப் போயிருக்கான்," என்றார்.

சட்டத்தைப் பெரியவரின் முகத்திலேயே விட்டுவிட்டு வெளியே வந்தேன். கடை வாசலில் நின்றபடி அண்ணி சொன்னார். அட்டை வயிற்றில் மனித ரத்தம் என்று வந்தால், அவர்கள் அதைப் பார்ப்பதே இல்லை. பிடிப்பவரின் வியர்வை, அறுப்பவரின் மூச்சு என்று எதில் வேண்டுமானாலும் மனித வாடை கலந்துவிடும். ரத்தத்தைப் படித்ததும் அது கணினியில் எழுத்து வரிகளாக வருமாம்; அதில் மனிதன் என்று வந்த வரிகளையெல்லாம் குப்பையில் தள்ளிவிட்டு, மானை மட்டும் தேடுவார்கள். அண்ணி அந்தக் குப்பையைக் கிளறியிருக்கிறார். ஓடைக்கு அக்கரையில், பாறைச் சரிவில் எடுத்த ஒரு அட்டையில் மனித வரி இருந்தது. தாய் வழியாக மட்டும் வரும் ஒரு பகுதி ரத்தத்திலும் எச்சிலிலும் உண்டாம்; ஒரு தாய் பெற்ற பிள்ளைகள் எல்லோருக்கும் அது ஒன்றுதான். அண்ணி தன் எச்சிலை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தார். எழுத்துக்கு எழுத்து பொருந்தியது.

"அந்தக் குழுவில இருந்தவங்க யாரும் எங்கம்மா வயித்துல பொறக்கல," என்றார்.

நாங்கள் அப்படியே ரேஞ்சரிடம் போனோம். அவர் இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டார்.

"இத்தனை வருஷ சர்வீஸ்ல அட்டை சாட்சி சொல்லி இப்பதாம்மா கேக்கறேன்."

"அட்டைக்குப் பொய் சொல்லத் தெரியாது சார்," என்றார் அண்ணி.

ரேஞ்சர் சிரிக்கவில்லை. மறுநாளே கயிறு கட்டி ஆட்களை அக்கரைக்கு அனுப்பினார்.

அந்த நாட்களில் எங்கள் வீட்டில் மறுபடி சமையல் நடந்தது. உயிரோடு இருப்பார் என்று நாங்கள் இருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சுற்றி வளைத்துப் பேசினோம்.

"அந்தப் பக்கம் குகை மாதிரி பாறை நிறைய இருக்காம். கிழங்கு இருக்கு. தண்ணிக்குப் பஞ்சமில்ல," என்பார் அண்ணி.

"வீட்ல வெந்நீர் வைக்கத் தெரியாது அவருக்கு."

"வீட்ல நீ இருக்க, தெரியாது. காட்டுல எல்லாம் தெரியும்."

நான் அவருடைய சட்டைகளை எடுத்துத் துவைத்துப் போட்டேன். மடித்து வைத்திருந்த துவைத்த சட்டைகள்தான், இருந்தாலும் துவைத்தேன்.

மறுபடி மழை பிடித்தது. தேடப்போனவர்களில் ஒருவர் பாசிப்பாறையில் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டார். அவரைக் கயிற்றில் கட்டி இக்கரைக்குக் கொண்டுவந்தார்கள். மற்றவர்கள் தேடிக்கொண்டுதான் இருக்கிறார்கள் என்று ரேஞ்சர் சொன்னார்.

அன்று பிற்பகல் ஆய்வுக்கூடத் தலைவி எங்கள் இருவரையும் அழைத்தார். அண்ணி அவரை மேடம் என்பார். குளிர்பெட்டிகள் உறுமிக்கொண்டிருந்த சின்ன அறை. எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு, அண்ணியைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்.

"தண்ணிக் குழாயைப் பாத்தீங்களா?"

மேடம் என் பக்கம் திரும்பிச் சொன்னார். ஒவ்வொரு முறையும் அட்டைக் குழாய்களோடு, அட்டையே போடாத ஒரு குழாயையும் சேர்த்து வைப்பார்களாம். அதில் வெறும் தண்ணீர்தான். அதிலும் ஏதாவது படிக்க வந்தால், அது காட்டிலிருந்து வந்ததல்ல. மேசையிலிருந்தோ கையிலிருந்தோ வந்தது என்று அர்த்தம்.

"மானுக்காகப் பாத்தேன். சுத்தமா இருந்துச்சு," என்றார் அண்ணி. "மனுஷ வரியைப் பாக்கல."

மேடம் திரையைத் திருப்பினார். தண்ணீர்க் குழாயில் அதே வரி. அண்ணியின் தாய் கொடுத்த வரி.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. புரியாமல் இருந்திருக்கலாம்.

அண்ணி தன் இரண்டு கைகளையும் மடியில் மல்லாத்தி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "குழாய்ல ஓடை பேரைப் பாத்ததும் தாங்கல மேடம். அன்னிக்கு அழுதுக்கிட்டேதான் அறுத்தேன். கையுறையோடதான் மூஞ்சியைத் தொடச்சேன். மாத்தல."

"அவர் அங்க போகலைன்னு இதுக்கு அர்த்தம் இல்ல," என்றார் மேடம் என்னிடம். "போனார்னு நம்மால சொல்ல முடியாது. அவ்வளவுதான்."

"அந்த அட்டையை மறுபடி பாக்க முடியாதா?" என்றேன்.

"மிச்சம் இல்லம்மா. இருந்ததே ஒரு சொட்டு."

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தோம். மழை இருட்டிக்கொண்டு வந்தது. அண்ணி சொன்னார்.

"ரேஞ்சர்கிட்ட இப்ப சொல்ல வேணாம்."

நான் அவரைப் பார்த்தேன்.

"ரெண்டு நாள் போகட்டும். மேடம் சொல்ல மாட்டாங்க, நம்மளயே சொல்லச் சொல்லிட்டாங்க. அவங்க தேடிட்டுத்தானே இருக்காங்க. யாரு கண்டா, அங்கயே இருந்தான்னா?"

எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. அதை மறைக்க மாட்டேன். அவரைத் தேடி உலகத்தில் நான்கைந்து பேர் நடந்துகொண்டிருக்கிறார்கள் என்பது ஒன்றுதான் என்னைச் சாப்பிட வைத்தது, கடைக்குப் போக வைத்தது. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், இன்னும் நடப்பார்கள். ஆனால் காலையில் கால் முறிந்தவரைப் பார்க்கப் போனபோது, அவர் மனைவி ஆஸ்பத்திரி வராந்தாவில் என் கையைப் பிடித்து, "உங்க வீட்டுக்காரர் கிடைச்சாப் போதும், இவருக்கு இது ஆறிடும்," என்று சொல்லியிருந்தார்.

"ரேஞ்சர் நம்பரப் போட்டுக் குடுங்க அண்ணி," என்றேன்.

"நீ சொல்லாத. சொன்னா நாளைக்கே மூடிடுவாங்க. அப்புறம் யாரும் போக மாட்டாங்க."

"தெரியும்."

"உனக்குக் கோபம்னா என்னைத் திட்டு. அவன விட்டுடாத."

"கோபம் இருக்கு. வீட்டுக்குப் போய்த் திட்டறேன். இப்ப போட்டுக் குடுங்க."

ரேஞ்சர் நம்பர் அண்ணியின் போனில்தான் இருந்தது. போட்டுக் கொடுத்தார்.

ரேஞ்சரிடம் முழுவதையும் வரிசையாகச் சொன்னேன். முடித்ததும் அவர் கேட்டார்.

"கிழக்குச் சரிவு மட்டும் பாக்கி இருக்கும்மா. நாளைக்கு ஒரு நாள் பாத்துட்டு வரச் சொல்லட்டுமா?"

பக்கத்தில் அண்ணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேணாம் சார். ஓடை ஏறறதுக்குள்ள எல்லாரையும் இக்கரைக்கு வரச் சொல்லுங்க."

"சரிம்மா," என்றார். போனை வைக்க மறந்துவிட்டார் போலிருக்கிறது. அவர் வயர்லெஸ்ஸில் பேசுவது எனக்குக் கேட்டது. தேடுனது போதும், எல்லாரும் கயித்துப் பக்கம் வாங்க என்றார். கரகரப்புக்கு நடுவே, மூச்சு வாங்க, அக்கரையிலிருந்து ஒரு குரல் ஆவலாகக் கேட்டது.

"என்ன சார், கிடைச்சுட்டாரா?"

ரேஞ்சர் பதில் சொல்வதற்குள் நான் போனை அணைத்து அண்ணியிடம் கொடுத்தேன்.