பேய் இசை கேட்கும் வாசல்

"வாசல் விளக்கு எரியுதா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

ஐந்து வயதில் டெஸ் கேட்ட கேள்வி அது. அமெரிக்காவில் ஒஹாயோவின் அந்தச் சிற்றூரில், பேய்வேடம் போடும் ஹாலோவீன் பண்டிகையன்று விளக்கு எரியும் வாசலில்தான் பிள்ளைகள் மிட்டாய் கேட்கலாம். இருண்ட வாசலைத் தட்டக் கூடாது. பிறவியிலேயே பார்வையில்லாத மகளுக்கு என்ன சொல்வதென்று மார்லா திகைத்தாள். எதிர்வீட்டுக் கிழவர் ஓரின் மறு வருடமே தன் வாசலில் ஒலிபெருக்கி வைத்து, ஆந்தை அலறலும் சங்கிலிச் சத்தமும் கலந்த பேய் இசையை ஓடவிட்டார். அதைப் பார்த்துத் தெருவில் பாதி வீடுகள் அப்படியே செய்தன. ஓலம் கேட்கும் வாசல்களுக்கெல்லாம் டெஸ் வெள்ளைக் கோலைத் தட்டிக்கொண்டு தானே போய் வந்தாள்.

இந்த வருடம் குடியிருப்போர் சங்கத் தலைவர் கர்ட் தடை எழுதி ஒட்டிவிட்டார். ஒலிபெருக்கி கூடாதாம்.

மார்லா நேரே அவர் வீட்டுக்குப் போனாள்.

"என்ன கர்ட், பேய்ப்பாட்டுன்னா பயமா?"

"பயமில்ல மார்லா, இரைச்சல். இது கௌரவமான தெரு."

"கௌரவமா? உங்க புல்தரையில பன்னெண்டடி பிளாஸ்டிக் எலும்புக்கூடு பல்லை இளிச்சுக்கிட்டு நிக்குது!"

"அது சத்தம் போடலையே."

"அதனாலதான் என் பொண்ணுக்கு அது இல்லவே இல்ல! கண்ணு இருக்கறவங்களுக்கு மட்டும்தான் பண்டிகைன்னா, அதையும் எழுதி ஒட்டுங்க."

"நீங்களே கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போகலாமே?"

"அவளுக்கு ஒம்பது வயசு. உங்க பையனை அப்படியா கூட்டிட்டுப் போறீங்க?"

கர்ட் தடையை எடுக்கவில்லை.

அந்தி சாய்ந்தது. சூனியக்காரித் தொப்பியோடு டெஸ் படியில் நின்றாள். தெருவெங்கும் பிள்ளைகளின் கூச்சல். வாசல்கள் மட்டும் ஊமை.

"எல்லாரும் விளக்கை அணைச்சிட்டாங்களாம்மா?"

மார்லா வாய் திறக்குமுன் எதிர்வாசலில் ஒரு முனகல் எழுந்தது. குளிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மூட்டுவாதம் வளைத்த விரல்களால் ஓரின் தன் பழைய அக்கார்டியனைத் துருத்திபோல் இழுத்து வாசித்துக்கொண்டிருந்தார்.

"யாரு அந்தப் பேய்? சுருதியே சேரலையே!"

"பல்லு போன பேய்ம்மா. வந்து மிட்டாய் எடுத்துக்கோ."

அடுத்த வீட்டில் ஒருத்தி பாத்திரத்தைத் தட்டினாள். அதற்கடுத்த வீட்டுக்காரர் வாயாலேயே ஊளையிட்டார். கர்ட் வாசல் மட்டும், விளக்கெரிந்தும், டெஸ்ஸுக்கு இருட்டாகவே இருந்தது. கடவுள் பார்த்துக்கொள்வார் என்று நினைத்தும் மார்லாவின் கோபம் ஆறவில்லை.

ஞாயிறன்று ஓரின் வீங்கிய விரல்களைக் கையுறைக்குள் மறைத்துக்கொண்டு தேவாலயத்துக்குப் போனார். அவர் முற்றத்தில் மேப்பிள் மரச் சருகு வாராமல் கணுக்கால் உயரம் கிடந்தது. மார்லா அன்று ஆராதனைக்குப் போகவில்லை. சருகு முழுவதையும் வாரி மூட்டை கட்டித் தெருவோரம் வைத்தாள். அவர் கார் திரும்புவதற்குள் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.