வேலை இழந்த நாட்கள்

ரப்பர்ப் பால் அளக்கும் கொட்டகைக்கு வெளியே கிடந்த பெஞ்சில் டாக்டர் ஜெப்சி ஒன்பது மணியிலிருந்து காத்திருந்தாள். அமோனியா வாடை கண்ணைக் கரித்தது. மடியிலிருந்த பையில் முப்பத்தொரு படிவங்கள். இந்த எஸ்டேட்டின் தொழிலாளர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டால் அவளுடைய ஆய்வு முறைப்படி முடிந்துவிடும். அடுத்த மாதம் அவள் சென்னைக்கு, பெரிய பதவிக்குப் போகலாம்.

இந்த மலையிலிருந்த நான்கு ரப்பர் எஸ்டேட்டுகளில் அந்த ஆய்வு இரண்டு வருடம் நடந்தது. மூச்சுமுட்டல் உள்ள பால்வெட்டுத் தொழிலாளர்களில் பாதிப் பேருக்குப் புதிதாக வந்த இழுப்பு மருந்தும் மீதிப் பேருக்குப் பழைய மாத்திரையும் கொடுத்தார்கள். புது மருந்து மூச்சை இலேசாக்கியது, அதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் ஜெப்சியின் வேலை மூச்சை அளப்பதல்ல. அந்த மருந்தை அரசாங்கம் இலவசமாகக் கொடுத்தால் அதனால் என்ன பயன் என்று பார்ப்பது. மூச்சுமுட்டலால் போன மாதம் எத்தனை நாள் வேலை போயிற்று என்று ஆஸ்பத்திரிக்கு வந்த ஒவ்வொருவரிடமும் கேட்டாள். ஒரு நாளும் போகவில்லை என்றார்கள் எல்லோரும். வாய்ச்சொல்லை மட்டும் நம்பக்கூடாதென்று எஸ்டேட்டுகளின் வருகைப் பதிவேட்டையும் வாங்கிப் பார்த்தாள். அதிலும் ஒரு நாள் குறையவில்லை. மருந்து கிடைத்தவரும் கிடைக்காதவரும் ஒன்றுபோல வேலைக்குப் போயிருந்தால் மருந்தால் ஆன பயன் என்ன? அவள் அப்படியே எழுதினாள். இரண்டு வழியில் சரிபார்த்ததை மிகவும் பாராட்டிய சென்னைக் குழு, மருந்தை இலவசப் பட்டியலில் சேர்க்க வேண்டாமென்று முடிவெடுத்தது. மருந்து நின்று ஆறு வாரம் ஆகிறது.

பத்து மணிக்குப் பால் வரத் தொடங்கியது. கணக்கர் பகவதியப்பன் மேசையிலிருந்து தலை நிமிராமல், மரங்கள் நிற்கும் பிளாக்கின் எண்ணைக் கேட்டு, அதற்குரிய பெயரைச் சொல்லிப் பதிந்துகொண்டிருந்தார். வாளியைப் பார்த்தாரே தவிர ஆளைப் பார்க்கவில்லை.

"பதினேழாம் பிளாக்கு," என்றது ஒரு பெண்குரல்.

"ராஜையன்," என்றபடி அவர் ஒரு கோடு போட்டார்.

ஜெப்சி எழுந்துவிட்டாள். ராஜையனை அவளுக்கு நன்றாகத் தெரியும். நெடிய மனிதர், பேனாவைத் தொடும் முன் கையை வேட்டியில் துடைத்துக்கொள்வார். இப்போது பால் ஊற்றிக்கொண்டிருந்தது அவர் மனைவி செல்லபாய். சேலைக்கு மேல் கணவருடைய முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, முழங்கால்வரை அட்டைக்கடிக்குப் பூசிய புகையிலைத்தூள். அவளுக்குப் பின்னால் வாளியோடு நின்றதும் ஒரு பெண்தான். வரிசையில் பாதிப் பேர் பெண்கள். இத்தனைக்கும் பதிவேட்டில் இருந்த அத்தனை பேரும் ஆண்கள்.

"அக்கா, அண்ணன் எங்க?"

"வீட்டில இருக்காரு. மருந்து நின்ன பொறவு எழும்பி நடக்க ஒக்கல்ல."

"அப்போ இன்னைக்கு வெட்டுனது?"

"நாந்தான். பின்ன யாரு வெட்டுவா?"

ஜெப்சி பதிவேட்டைப் பார்த்தாள். பகவதியப்பன் இப்போதும் நிமிரவில்லை. "யாரு வெட்டுனாலும் மரம் பால் தரும் டாக்டரே," என்றார். "எனக்கு பிளாக்குக்குப் பால் வரணும். அவ்வளவுதான்."

எஸ்டேட் கொடுத்த லைன் வீடுகளுக்கு ஏறும் வழியில் செல்லபாய் வெறும் வாளியை வீசிக்கொண்டு முன்னால் நடந்தாள். ஜெப்சி பின்னாலேயே ஏறிக்கொண்டு கேட்டாள்.

"ரெண்டு வருஷமும் நீங்கதானா?"

"இல்ல. மருந்து கிட்டுன பொறவு மாசத்தில பாதி நாளு அவரே போனாரு. அதுக்கு முந்தி மூணு வருஷம் முழுக்க நாந்தான். அடுத்த வீட்டு தங்கபாய்க்க மாப்பிளைக்கு பழைய மாத்திரதானே கிட்டிச்சு, அவரு ஒரு நாளும் போனதில்ல. அவதான் வெட்டுதா."

"ஆஸ்பத்திரில கேட்டப்ப இத ஏன் சொல்லல்ல?"

செல்லபாய் நின்று திரும்பினாள். "அந்தப் பேப்பரு எஸ்டேட்டுக்கு வருமோன்னு பயந்துதான். ஆளு வரல்லன்னு தெரிஞ்சா பேரை எடுத்துருவானுவ. பேரு போனா வீடும் போவும். நீங்களும் பதிவேட்டையெல்லாம் வாங்கிப் பாத்தியளே. அப்பமும் எங்களுக்கு ஒறக்கமே இல்ல."

திருவட்டாறில் ஜெப்சியின் அப்பாவுக்கும் ரப்பர் மரங்கள் இருந்தன. வெட்டுக்காரர் ஜாஸ்பருக்குக் காய்ச்சல் வந்தால் அவர் மனைவிதான் கத்தியோடு வருவாள். பள்ளிக்கூடச் சீருடையில் நின்று அதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். தெரியாத விஷயமே அல்ல. படித்துப் பட்டம் வாங்கி, வெளிநாடு போய் வந்து, பதிவேட்டை நம்பியிருக்கிறாள். அந்த வெட்கம் அவளைத் தின்றது.

ராஜையன் கட்டிலில் உட்கார்ந்தபடி, மடியில் அடுக்கிய தலையணைகளின் மேல் கைகளை ஊன்றிக் குனிந்திருந்தார். படுத்தால் மூச்சு வராது. வாசலுக்கு வரும் முன்பே அவர் மூச்சின் சத்தம் கேட்டது, ஈரச் சுவரில் அரம் தேய்ப்பதுபோல. "வாருங்க டாக்டரே," என்று சொல்ல அவருக்கு மூன்று மூச்சு வேண்டியிருந்தது. ஜெப்சி படிவத்தை வெளியே எடுக்கவில்லை.

அந்தச் சத்தம் அவளோடு இறங்கி வந்தது. நாகர்கோவில் அலுவலகத்தில் மின்விசிறி ஓடினாலும் அதுவே கேட்டது, ஆலயத்தில் ஜெபத்துக்குக் கண்ணை மூடினாலும் அதுவே கேட்டது. கணினியைத் திறந்தால் ‘வேலை இழந்த நாட்கள்’ என்ற கட்டத்தில் பூஜ்யங்கள் கீழே கீழே இறங்கிக்கொண்டே போயின. தானே நிரப்பிய பூஜ்யங்கள். இப்போது ஒவ்வொன்றிலும் சட்டை போட்ட ஒரு பெண் வாளியோடு நின்றாள். ஜெப்சி திரையை அணைத்துவிடுவாள். அணைத்த பிறகும் அவர்கள் நின்றார்கள்.

குழுவின் தலைவரைத் தொலைபேசியில் அழைத்து எல்லாவற்றையும் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"தொழிலாளிங்க எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரட்டும். எஸ்டேட்ல காட்டி, பதிவேடு தப்புதானான்னு விசாரிச்சு ஒரு கடிதம் வாங்கிடுங்க. அப்போ மறுபடி எடுத்துக்கலாம். அது இல்லாம, நீங்களே உங்க ஆய்வு தப்புன்னு சொன்னா யாரு கேப்பா? சென்னை வேலையையும் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க."

ஜெப்சி யோசிக்கவில்லை. மறுநாளே வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்து எடுத்துக்கொண்டு, தன் கைப்பணத்தில் வாங்கிய இரண்டு இழுப்பு மருந்துகளோடு மலையேறினாள். செல்லபாயிடம் படித்துக் காட்டினாள். இத்தனை வருடமாக என் கணவர் பெயரில் நானே பால் வெட்டினேன், மருந்து கிடைத்த காலத்தில் மட்டும் அவர் பாதி நாள் வேலை செய்தார் என்பதுதான் அதில் இருந்தது.

"இது போனா மருந்து வருமா?" என்று கேட்டாள் செல்லபாய்.

"வர வாய்ப்பிருக்கு. எல்லாருக்கும்."

"எங்க போடணும்?"

ராஜையன் தலையணையிலிருந்து முகத்தைத் தூக்கினார். "இத எஸ்டேட்டில காட்டுவியளா?"

"காட்டணும் அண்ணா."

"அப்பம் வேண்டாம்."

செல்லபாய் பேனாவைக் கீழே வைக்கவில்லை. "நான் ஒப்பு போடத்தான் போறேன். நீரு கெடக்க கெடப்ப நான் எத்தன நாளு பாக்க?"

அவர் எட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்தார். பிடியில் பலமே இல்லை, ஆனாலும் அவள் உதறவில்லை. "பதினாலு மாசம் இருக்கு எனக்கு ரிட்டயராவ," என்றார். மூச்சுக்காக நிறுத்தினார். "அது வரை பேரு நிக்கணும். இப்பம் எடுத்தானுவன்னா ரிட்டயர் பணம் ஒண்ணும் கிட்டாது. எனக்கு மூச்சு வந்து என்ன செய்ய? நினக்கு இருக்க எடம் வேண்டாமா?"

"எனக்கு எடம் வேண்டாம்."

"வேணும்." இன்னொரு மூச்சு. "மருந்து வேண்டாம் டாக்டரே. பேரு இருக்கட்டு."

பேனாவை மூடிக் கொடுத்தபோது செல்லபாய் அழுதுகொண்டிருந்தாள். ஜெப்சி அன்று முப்பத்தொரு வீடும் ஏறி இறங்கினாள். தங்கபாய் கதவைத் திறக்கவே இல்லை. மற்ற வீடுகளில் தேநீர் போட்டுக் கொடுத்தார்கள், காகிதத்தைத் தொடவில்லை. அவளுக்கு அவர்கள்மேல் கோபம் வந்தது, பிறகு தன்மேல் வந்தது.

அடுத்த நாள் தலைவருக்கு ஒரு கடிதம் எழுதினாள். என் ஆய்வு தவறு, ஆதாரம் தர என்னால் இயலாது. பதில் வரவில்லை. சென்னைப் பதவிக்கு வேறொருவர் பெயர் வந்தது. மருந்தும் வரவில்லை. அவள் கைப்பணத்தில் வாங்கிக்கொடுத்த இரண்டில் ஒன்றைத் தங்கபாய் வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, மற்றதை ராஜையன் இரண்டு நாளைக்கு ஒருமுறை இழுத்தார் என்பது அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஆகஸ்டு மழையில் அவர் இறந்தார். தகவல் கேட்டு மறுநாள் ஜெப்சி போனபோது மழை வெறித்திருந்தது. லைன் வீட்டு முற்றத்தில் பெட்டி இருந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஆட்கள் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். அடக்கம் பன்னிரண்டு மணிக்கு. பெட்டியின் தலைமாட்டில் செல்லபாய் இல்லை. யாரும் அதைப் பற்றிக் கேட்கவும் இல்லை. போதகர் இரண்டு தரம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

பதினொன்றரைக்கு அவள் காட்டுப்பாதையில் இறங்கி வந்தாள். அவருடைய சட்டை, தலையில் துண்டு. வாளியைச் சுவரோரம் கவிழ்த்து வைத்தாள்.

ஜெப்சி அருகே போனாள். "இன்னைக்குமா போனீங்க அக்கா?"

"வெட்டு நாளாக்கும் பிள்ளே." குரலில் எந்த ஏற்ற இறக்கமும் இல்லை. "பகவதியப்பன் சொன்னாரு, மாசம் முடியுற வரைக்கும் அவருக்க பேரு நிக்கட்டு, பால் மட்டும் கொறையாண்டாம்னு. ஒம்பது நாளு இருக்கு. அதுக்குள்ள ஒரு வீடு பாக்கணும்."

"அப்போ இன்னைக்குப் பதிவேட்டில…"

"ம்," என்றாள் செல்லபாய். "அவரு வேலைக்குப் போயாச்சு."

அவள் பெட்டியருகே உட்கார்ந்து ராஜையனின் கன்னத்தைத் தொடக் கையை நீட்டினாள். விரல்களில் பால் ஒட்டியிருந்ததைக் கண்டு கையை இழுத்துக்கொண்டாள். பாட்டு நின்றது. போதகர் வேதப்புத்தகத்தைத் திறந்து பிடித்தபடி காத்திருந்தார். செல்லபாய் பெருவிரலிலிருந்து தொடங்கி, காய்ந்த ரப்பரை ஒவ்வொரு விரலாக உரித்து உருட்டி மண்ணில் போட்டாள். ஒரு கை முடிந்ததும் மறு கையை உரிக்கத் தொடங்கினாள்.