முனிக்குப் போட்ட கூர

ஜொகூர்ல லாயாங் லாயாங் பக்கம் காளியப்பனுக்கு இருந்தது ஒரு துண்டு நெலம்தான். முன்னால செம்பன, பின்னால காடு. ரெண்டு பக்கத்து நெலத்தையும் ஒரு வீடமைப்பு கம்பெனி வாங்கி மொட்டையடிச்சிருச்சு. இவரோடதும் போச்சுன்னா காட்டுக்குள்ளயே ரோடு போட்டுருவாங்க.

அந்த நேரத்துலதான் புதுசா ஒரு கவர்மெண்டு திட்டம் வந்துச்சு. நெலம் நம்ம பேர்லயே இருக்கும், பயிர் பண்ணலாம். அதுல கட்டடம் கட்டுற உரிமைய மட்டும் வித்துடணும். வாங்குறவங்க அத வச்சு ஜொகூர் பாரு டவுன்ல கூடுதலா ரெண்டு மாடி ஏத்திக்குவாங்க. இங்க அப்புறம் எந்தக் காலத்துலயும் ஒருத்தனும் கட்ட முடியாது. ஒரே நிபந்தன, காட்டோரமா எந்தக் கட்டடமும் இருக்கக்கூடாது. இல்லன்னு காளியப்பன் எழுதிக் குடுத்துட்டாரு. அன்னிக்கு காலையில அதிகாரியம்மா ஒருத்தவங்க பாக்க வர்றாங்க.

அவங்களுக்கு முந்தி வந்து நின்னவன் மனோகரன், கம்பெனிக்கு நெலம் புடிச்சுக் குடுக்குற ஏஜெண்டு. நேரா பின்பக்கம் போயி முனியாண்டி கோயில போன்ல படம் புடிச்சான்.

"சிமெண்டு தர, செவுரு, தகரம். இது கட்டடம்தான லா அண்ணே? பொய் சொல்லிட்டீங்கன்னு மனுவ தள்ளிருவாங்க. அப்புறம் எங்கிட்டதான் வரணும்."

எழுதிக் குடுக்குறப்ப காளியப்பனுக்கு அது நெனப்புலயே வரல. சாமி இருக்குற எடத்த எவன் கட்டடம்னு நெனைப்பான்? மரத்தடியில வெறும் கல்லும் அருவாளுமா இருந்த முனி. மக லோஷினி ஆக்சிடெண்டுல பொழச்சு வந்தா கூர போடுறேன்னு பொண்டாட்டி செல்லம் நேந்துக்கிட்டு கட்டுனது அது.

சம்மட்டியத் தூக்கிட்டு வந்தவர செல்லம் மறிச்சா. புள்ள உசுருக்கு நேந்தத இடிச்சா அவளுக்குத்தான் ஏதாச்சும் ஆகும்னா. பன மட்டைய வெட்டிப் போட்டு மறைச்சிடலாமான்னு இவரு கேக்க, சாமிய ஒளிச்சு வைக்கிற குடும்பமா நாமன்னு சீறுனா. மனோகரன் மோட்டார்ல சாஞ்சுக்கிட்டு சிகரெட்டு பத்த வச்சான்.

"செல்லம், பக்கத்து நெலத்து முனி இப்ப எங்க?"ன்னு காளியப்பன் கேட்டாரு.

அவளுக்குத் தெரியும். புல்டோசர் தள்ளி மண்ணோட போயிருச்சு. கல்லக்கூட எடுக்க விடல.

அதிகாரி வர்றதுக்கு இன்னும் ஒரு மணி நேரம்தான் இருந்துச்சு. செல்லம் கற்பூரத்த ஏத்துனா.

"கூரையில்லாட்டிதான்யா நீ இங்க இருக்க முடியும். கோவம்னா எம்மேல காட்டு. எம்புள்ளைய விட்டுரு."

சம்மட்டிய வாங்கி மொத அடி அவதான் அடிச்சா.

அதிகாரி வந்தப்ப ஒரு செவுரும் தரையும்தான் மிச்சம். மனோகரன் ஓடிப்போயி படத்தக் காட்டுனான். சாமி எடத்த கட்டடம்னு நெனைக்கல, தப்பு எங்களோடது, நாங்களே எடுத்துர்றோம்னு காளியப்பன் மலாய்ல சொன்னாரு. அந்தம்மா மனோகரனோட போன திருப்பிக் குடுத்தாங்க. அப்புறம் தரையக் காட்டி, அதையும் எடுங்க, முடியிற வரைக்கும் நான் இருக்கேன்னுட்டு போயி கார்ல உக்காந்துட்டாங்க. மனோகரன் வண்டிய ஸ்டார்ட் பண்ணிட்டான்.

மத்தியானம் வெறும் மண்ணுல கல்லும் அருவாளுமா இருந்த முனிய அந்தம்மா படம் எடுத்துக்கிட்டாங்க. நெலம் தப்பிச்சிருச்சு. காளியப்பன் அப்படியே உக்காந்துட்டாரு.

செல்லம் சிங்கப்பூர்ல வேல செய்யிற மகளுக்குப் போன் போட்டா. ரொம்ப நேரம் அடிச்சுது. எடுக்கல. மறுபடியும் போட்டா.

"வேலையில இருக்கேம்மா, என்னா?"

"ஒண்ணுமில்லடி, சும்மாதான்" அப்படின்னவ, போன மட்டும் வைக்கவே இல்ல.