இரும்பனின் பாரம்

இரும்பன் செத்ததில் சுஜிந்தனுக்கு ஒரு குறையும் இல்லை. பூதத்தின் உலக்கை நளீமின் மந்திரவாதி மேல் இறங்குகிற நேரம் குறுக்கே பாய்ந்து வாங்கிய அடி அது. விழுகிறபோதே வாளை வீசிப் பூதத்தையும் சாய்த்துவிட்டுத்தான் விழுந்தான். மாசக்கணக்காகத் தானே ஆடி வளர்த்த ஆள்; சாகிறதென்றால் இப்படித்தான் சாகவேண்டும் என்று சுஜிந்தன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இருந்தான்.

இவ்வளவும் நடந்தது கல்முனைச் சந்தைக்குப் பின்னால், நளீமின் வாப்பாவுடைய நெல்லு ஸ்டோரில், ஒரு பாயின் மேல். தொண்ணூற்றெட்டாம் ஆண்டு. துபாயில் நின்ற நளீமின் சாச்சா, வாப்பாவின் தம்பி, கூட வேலை செய்த வெள்ளைக்காரன் விட்டுப்போன விளையாட்டுப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து வீட்டில் போட்டிருந்தார். ஆளுக்கொரு வீரனையோ மந்திரவாதியையோ கடதாசியில் எழுதிக்கொண்டு, வாயாலேயே குகை குகையாகப் போய்ச் சண்டை பிடிக்கிற விளையாட்டு. அதற்கு இருபது முகமுள்ள தாயக்கட்டை வேண்டுமாம். அதற்கு இவர்கள் எங்கே போக? பால்மா டின்னில் இருபது புளியங்கொட்டை, ஒவ்வொன்றிலும் ஓர் இலக்கம். கையில் வருவதுதான் தீர்ப்பு.

ஆட்டத்தை நடத்துகிறவள் நளீமின் ராத்தா றிஸ்னா. அட்டாளைச்சேனையில் ஆசிரியர் பயிற்சிக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு புத்தகத்தைக் கரைத்துக் குடித்தவள். சொந்தத் தம்பி என்று ஒரு கொட்டைகூடக் கூட்டிக் கொடுக்கமாட்டாள்.

"ராத்தா, நான் இரும்பன எழுப்புறன்," என்றான் நளீம்.

செத்தவர்களை எழுப்பி வேலை வாங்குவதுதான் அவனுடைய மந்திரவாதியின் தொழில். அப்படி எழும்பி வருகிறவற்றுக்கு றிஸ்னா வைத்த பெயர் 'எழும்பி'. ஏற்கெனவே மூன்று எலும்புக்கூட்டு எழும்பிகள் அவன் பின்னால் கடகடவென்று நடந்து வந்துகொண்டிருந்தன. அவை யார் பெற்ற பிள்ளைகள் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

"என்னைய எழுப்பாத," என்றான் சுஜிந்தன்.

"ஏன்டா? நீ திரும்ப ஆடலாம். நல்லதுதானே."

"செத்தவன விடு."

றிஸ்னா புத்தகத்தைப் புரட்டினாள். "செத்தவன்ட சம்மதம் கேக்கச் சொல்லி எங்கயும் இல்ல. டின்னுக்குள்ள கைய விடு நளீம்."

பதினேழு வந்தது. இரும்பன் எழும்பினான்.

"எழுப்பினவன் சொல்லுறத எழும்பி செய்யணும். தன்ட பாட்டில ஒண்டும் செய்ய ஏலா. சட்டம் அதுதான்," என்றாள் றிஸ்னா.

பூதத்தின் காலடியில் பொன் மூட்டைகள் கிடந்தன. நளீமுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அப்ப அந்த மூட்டையத் தூக்கு. கெதியா."

அவன் மனசில் ஒரு வஞ்சகமும் இல்லை. ஆனால் அந்தச் சொல்லும் அந்தக் குரலும் அச்சொட்டாக அவனுடைய வாப்பா மீராசாப் போடியாருடையவை. சாகாமத்தில் போடியாருக்குப் பெரிய வயல். போகம் முழுக்க அங்கேயே நின்று, உழுது விதைத்து வெட்டிக் கொடுத்துப் பங்கு வாங்குகிற முல்லைக்காரர்களில் ஒருவர் பாண்டிருப்பு நல்லரெத்தினம். அவர்தான் சுஜிந்தனின் அப்பா. இந்த ஸ்டோரில் அடுக்கியிருந்த மூட்டைகளில் பாதி அவர் முதுகில் ஏறி இறங்கியவை.

சுஜிந்தனுக்குக் காது சூடாகிவிட்டது. எழுந்து சைக்கிளை எடுத்தால் முடிந்தது கதை. ஆனால் போனால் இந்தப் பக்கம் திரும்பி வரமாட்டான், அது அவனுக்கு நிச்சயம். டியூசனிலும் ரோட்டிலும் நளீமுக்கு அவன் சரிக்குச் சமமான ஆள். போடியார் மகன், முல்லைக்காரன் மகன் என்ற பேச்சு இருவருக்கும் நடுவில் வந்ததேயில்லை. இப்போது வந்து பாயில் குந்திவிட்டது. இங்கேயே அதை எழுப்பித் துரத்தாவிட்டால் நளீம் என்றொரு கூட்டாளி இனி இல்லை. துரத்தத் தன்னால் முடியும் என்று சுஜிந்தனுக்குத் தெரியும். சப்பாணி கட்டி நன்றாக இருந்துகொண்டான்.

"தூக்குறன் போடியார்," என்றான். "சோறு எங்க?"

நளீம் சிரித்தான். "எழும்பிக்கு என்னடா சோறு?"

"ஆள வேலைக்கு நிப்பாட்டினா, வேலை முடியுமட்டும் சோறு போடியார் வீட்டாலதான். ஒங்கட வயல்ல அப்பிடித்தானே?"

"அது வயல்."

"றிஸ்னாக்கா, எழும்பிக்குச் சோறு குடுக்கக் கூடாதெண்டு புத்தகத்தில கிடக்கா?"

"இல்ல."

"பங்கு குடுக்கக் கூடாதெண்டு?"

"அதுவும் இல்ல."

"எவ்வளவு காலத்துக்கு எழும்பி நிக்கணுமெண்டு?"

றிஸ்னா அந்தப் பக்கத்தைத் திரும்பவும் வாசித்தாள். "அதப் பத்திப் புத்தகம் கதைக்கவே இல்ல."

"அப்ப வயல் வழக்கம்தான். சூடடிச்சு நெல்லப் பிரிச்சா முல்லைக்காரன் தன்ட பாட்டில போகலாம். அடுத்த போகத்துக்கு நிக்கிறதும் நிக்காததும் அவன்ட விருப்பம், போடியார் மறிக்க ஏலா. பூதம் விழுந்துட்டு, பொன்னும் கைக்கு வந்துட்டு. சூடடிச்சு முடிஞ்சு. நான் போறன்."

நளீம் பிறந்ததிலிருந்து வயலோடு கிடந்தவன். அதில் ஒரு சொல்லையும் இல்லையென்று சொல்ல அவனால் முடியாது.

"அவன் சொல்லுறது சரிதான்," என்றாள் றிஸ்னா. "ஆனா சுஜிந்தன், விட்டா எழும்பி திரும்பச் செத்த மையித்துத்தான். இரும்பன் அதோட முடிஞ்சான். யோசிச்சுச் சொல்லு."

"யோசிச்சிட்டன்."

"நில்லுடா," என்றான் நளீம். "பங்கு ரெட்டிப்பாத் தாறன். நீயில்லாம அடுத்த குகைக்கு நான் என்னெண்டு போற?"

"உனக்கு நான் வேணுமா, எழும்பி வேணுமா?"

நளீம் பாயைப் பார்த்தான். சற்று முன் தன் வாயிலிருந்து வந்தது அவனுக்கு இப்போதுதான் கேட்டிருக்கவேண்டும். முகம் கறுத்துப்போனது.

"விட்டுட்டன்," என்றான்.

இரும்பன் விழுந்தான்.

"மையித்த இப்பிடிப் போட்டுட்டுப் போக ஏலா," என்றான் நளீம். "வெளிய கொண்டு போறன்."

"உன்ட எலும்புக்கூட்டுட்டச் சொல்லு, தூக்கும்."

"அதுகள் தொடத் தேவல்ல. நான் தூக்குறன்."

றிஸ்னா உடனே டீச்சராகிவிட்டாள். "உன்ட பலத்துக்கு இரும்பன் பாரம் கூட. பொன்ன வெச்சிட்டுத்தான் தூக்கலாம்."

"முழுக்கவுமா?"

"முழுக்கவும்."

அந்தப் பொன்னுக்காகத்தான் அவர்கள் இத்தனை குகை ஏறி இறங்கினார்கள். நளீம் அழிறப்பரை எடுத்துத் தன் கடதாசியில் இருந்த பொன்னை அழித்தான். பிறகு டின்னுக்குள் கையை விட்டான். குகைப் படி செங்குத்தானது; வழுக்காமல் ஏறப் பெரிய இலக்கம் வேண்டும். மூன்று வந்தது, சறுக்கினான். அடுத்தது நான்கு, முழங்கால் உடைந்தது. புளியங்கொட்டைக்கு என்ன பாரம்? ஆனாலும் அவனுக்கு நெற்றியில் வேர்த்துவிட்டது.

"டேய்," என்றான், "இந்த இரும்புச் சட்டையக் கழட்டிட்டுத் தூக்கட்டா? அதுதான் பாரம்."

சுஜிந்தன் யோசிக்கிறவன் போலக் கூரையைப் பார்த்தான். கோபம் போன இடம் தெரியவில்லை, மனசு நிறைந்திருந்தது. அதற்காகக் குறைத்துக் கொடுக்க முடியுமா?

"கழட்டாத," என்றான். "சட்டையோடதான்."

நளீம் திரும்பவும் கையை விட்டான்.