சின்ன அறையின் ஜன்னல் சுவர்

ஒரு சுவருக்கு நான்கு கோடுகள் போதும். ஜன்னல் இருந்தால் எட்டு. கதவு இருந்தாலும் எட்டுதான், கீழ்க்கோடு இரண்டாக உடைந்துவிடும். எல்லாம் சிவப்புக் கோடு. சிவப்பு என்றால் லேசர் வெட்டும். நீலம் என்றால் மேலாகச் சுடும். ஓடு, செங்கல், தரைக்கோடு எல்லாம் நீலம்.

எட்டு வருடமாக இதுதான் என் வேலை. கட்டப்போகும் வீடுகளின் மாதிரியைச் சின்னதாகச் செய்து தரும் கடை எங்களுடையது. நான் கணினியில் சுவர்களை வரைவேன். லேசர் ஓட்டுகிறவன் வெட்டுவான். அவன் சட்டை எப்போதும் கருகிய மர வாசனை அடிக்கும் என்பதால் அவனைப் புகை என்று கூப்பிடுவோம்.

இந்த முறை நான் வரைந்தது நாங்கள் குடியிருக்கும் வீட்டை. இரண்டு அறை, ஒரு கூடம், சமையலறை. உண்மையில் இருபது என்றால் மாதிரியில் ஒன்று. மூன்று மில்லிமீட்டர் பலகை.

இதைத் தொடங்கியவள் என் மனைவி. வீடுகளுக்கு அலமாரி செய்து கொடுக்கும் நிறுவனத்தில் அளவெடுக்கும் வேலை அவளுக்கு. மகளுக்கு ஆறு வயது ஆகும்போது நம் வீட்டையே பொம்மை வீடாகச் செய்து கொடுக்கலாம் என்றாள். அவள் அளப்பது, நான் வரைவது. நான் வேலைக்குப் போன பிறகு, நேரம் கிடைத்தபோதெல்லாம் ஒவ்வொரு சுவராக அளந்து ஒரு நோட்டில் எழுதி வைத்தாள். கடைசிப் பக்கத்தை எழுதிய வாரம் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. மூன்று நாள் காய்ச்சல். நான்காவது நாள் அவள் இல்லை.

நான்கு மாதம் ஆகிறது.

மகள் பெயர் பள்ளிப் பதிவேட்டில் மட்டும்தான் நீளமாக இருக்கும். வீட்டில் சில்லு. அவளை அவளுடைய பெரியம்மா கூட்டிப்போய் வைத்திருக்கிறார். மனைவியின் அக்கா, பஸ்ஸில் நான்கு மணி நேரத் தூரம். சில்லு தினமும் சாயங்காலம் போனில் கேட்பாள்.

"அப்பா, என் ரூம் ஆச்சா?"

"ஆயிட்டிருக்கு."

"நேத்தும் இதையேதான் சொன்னீங்க."

வேறு பேச எங்கள் இருவருக்கும் எதுவும் இருக்காது.

போன வாரம் அக்கா போனை வாங்கிப் பேசினார். அங்கேயே பள்ளியில் சேர்க்க இடம் கிடைத்திருக்கிறதாம். அப்பாவின் கையெழுத்து வேண்டும். ஞாயிற்றுக்கிழமை படிவத்தோடு வருவதாகச் சொன்னார். சரி என்றேன். மாட்டேன் என்று சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் வீட்டை முடித்துவிட வேண்டும் என்பது மட்டும் தோன்றியது. அவள் அங்கேயே இருக்கப்போகிறாள் என்றால் கையில் எடுத்துக்கொண்டு போகட்டும்.

மதிய இடைவேளைகளில் வரைந்தேன்.

என் மனைவியின் அளவு டேப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு வீட்டில் அளக்கும்போது கதவு அடித்து அதன் நுனி நசுங்கிவிட்டது. அவள் நசுங்கிய துண்டைச் சரியாகப் பத்து சென்டிமீட்டரில் கத்தரித்தாள். அதன் பிறகு அந்த டேப் பத்திலிருந்துதான் தொடங்கும். எதை அளந்தாலும் பத்து கூடுதலாகக் காட்டும். "புதுசு வாங்கேன், இந்த மூக்கறுந்ததை வெச்சுக்கிட்டு ஊரெல்லாம் அளக்கறே" என்று சொன்னால், "மூக்கு அறுந்தா என்ன, மூச்சு விடுதில்ல?" என்பாள். டேப் காட்டுவதை அப்படியே எழுதுவாள். வரைகிறவன் பத்தைக் கழித்துக்கொள்ள வேண்டும். அவள் அலுவலகத்தில் எல்லோருக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும்.

நோட்டில் இருந்த ஒவ்வொரு எண்ணிலும் பத்தைக் கழித்தேன். இருபதால் வகுத்தேன். மூலைகளுக்குப் பலகையின் தடிமனைக் கழித்தேன். கோடு போட்டேன். யோசிக்கத் தேவையில்லாத வேலை என்பதால் எனக்கு அது பிடித்திருந்தது.

சனிக்கிழமை மதியம் முதலாளி ஒரு மணி நேரம் லேசரைக் கொடுத்தார். புகை பலகையை வைத்தான். ஒளிப்புள்ளி சுவர் சுவராகச் சுற்றி வந்தது. ஜன்னல்கள் ஒவ்வொன்றாகக் கீழே விழுந்தன. கூடம் கச்சிதமாகப் பொருந்தியது. சமையலறையும் அப்படியே. பெரிய அறை கொஞ்சம் இறுக்கம், தட்டினால் உட்கார்ந்தது.

சின்ன அறை மூடவில்லை. அது சில்லுவின் அறை. ஜன்னல் சுவர் அடுத்த சுவரை எட்டாமல் நின்றது.

"என்னண்ணே, வீடு வாயைப் பொளந்துட்டு நிக்குது?" என்றான் புகை.

"தெரியல."

"பலகைத் தடிமன் கழிச்சீங்களா?"

"கழிச்சேன்."

"அப்ப ரெண்டு தடவை கழிச்சிருப்பீங்க. என் கல்யாணச் சட்டைக்கு டெய்லர் செஞ்ச மாதிரி. போட்டோவுல பாருங்க, கையைத் தூக்கவே இல்ல நான்."

இரும்பு ஸ்கேலை வைத்துப் பார்த்தேன். ஐந்து மில்லிமீட்டர். மூன்று என்றால் ஒரு பலகை. ஆறு என்றால் இரண்டு. ஐந்து என்றால் பலகை காரணமில்லை. ஐந்தை இருபதால் பெருக்கினால் பத்து சென்டிமீட்டர்.

நோட்டைத் திறந்தேன். சின்ன அறையில் கதவுச் சுவர் 306. எதிரே இருக்கும் ஜன்னல் சுவர் 296. எதிரெதிர்ச் சுவர்களை ஒப்பிட்டுப் பார்ப்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். நான் பார்க்கவில்லை. 296க்குப் பக்கத்தில் ஒரு வட்ட முகம், இரண்டு சடை. சில்லு கிறுக்கியது. அந்த நோட்டில் அவள் கிறுக்காத பக்கம் இல்லை.

இரண்டில் ஒன்று தப்பு. எது என்று தெரியாமல் எதை வெட்டுவது? பலகையும் தீர்ந்திருந்தது.

"வீட்டுக்குப் போய் அளந்துட்டு வாங்கண்ணே. திங்கக்கிழமை வெட்டிடலாம். அஞ்சு நிமிஷ வேலை."

அவன் சொன்னது சரிதான். ஆனால் டேப் என் மனைவியின் வேலைப் பையில் இருக்கிறது. பை கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. நான்கு மாதமாக அதன் ஜிப்பை நான் தொடவில்லை. கடையில் இருந்த டேப்பைக் கேட்டிருக்கலாம். அப்போது தோன்றவில்லை.

பஸ்ஸில் மடியில் வீட்டை வைத்துக்கொண்டு வரும்போது எனக்குக் கோபம் வந்தது. ஊரார் வீட்டையெல்லாம் ஒரு மில்லிமீட்டர் பிசகாமல் அளந்தாயே, பெற்ற பெண்ணின் அறையைச் சரியாக அளக்கத் தெரியவில்லையா? நான்கு மாதத்தில் எனக்கு வந்த முதல் உணர்ச்சி அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு வந்தார்கள். சில்லு செருப்பைக் கழற்றிவிட்டு நேராகக் கூடத்து மேஜைக்குப் போனாள். அக்கா நேராகச் சமையலறைக்குப் போனார்.

"அடுப்பு பளபளன்னு இருக்கு. சமைக்கிறதே இல்லன்னு அர்த்தம்."

"வெளியில சாப்பிட்டுக்கறேன் அக்கா."

"கண்ணாடியில மூஞ்சியப் பார்த்தீங்களா தம்பி? சாப்பிடற மூஞ்சியா இது?"

உட்கார்ந்தார். பையிலிருந்து படிவத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். நான் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் சின்னதாகப் பெருக்கல் குறி போட்டிருந்தார்.

"உங்ககிட்டேர்ந்து புடுங்கறேன்னு நினைக்காதீங்க. காலையில யார் தலை பின்னுவா, சாயங்காலம் யார் கதவைத் திறப்பா? அதைத்தான் யோசிக்கிறேன்." குரலைத் தாழ்த்தினார். "இன்னொண்ணு. அவ அழவே இல்ல தம்பி. அம்மாங்கிற வார்த்தையே அவ வாயில வரல. நாலு மாசமா. நீங்க இங்க இப்படி, அவ அங்க அப்படி. எனக்குப் பயமா இருக்கு. நாலு பேர் இருக்கற வீட்டுல இருந்தா மாறுவா."

அக்காவின் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. அவரும் தங்கையைப் பறிகொடுத்தவர்தான். இதுவரை நான் அதை நினைத்துப் பார்க்கவில்லை.

பேனாவின் மூடியைத் திறந்தேன்.

"அப்பா." சில்லு மேஜையிலிருந்து கூப்பிட்டாள். "என் ரூம் மட்டும் ஏன் மூடல?"

"சுவர் கட்டையாப் போச்சு."

"ஏன் கட்டையாப் போச்சு?"

"அம்மா தப்பா அளந்துட்டா."

சொல்லியிருக்க வேண்டாம். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். முகம் சிவந்திருந்தது.

"அம்மா தப்பா அளக்க மாட்டாங்க."

அக்கா தலையை நிமிர்த்தினார். நான் பேனாவைப் பிடித்தபடி இருந்தேன்.

"நோட்டுல அப்படித்தாண்டா இருக்கு" என்றேன்.

"எங்க? காட்டுங்க."

காட்டினேன். அவளுக்கு எண்களை நூறு வரைக்கும்தான் படிக்கத் தெரியும். விரலால் தடவிக்கொண்டே வந்து அந்த வட்ட முகத்தில் நிறுத்தினாள்.

"இது நானு."

"நீதானே கிறுக்கின?"

"நான் கிறுக்கல. அம்மா வரைஞ்சாங்க. இது என் டேப்பால அளந்தது."

"உன் டேப்பா?"

வாசலில் கிடந்த தன் பையை இழுத்து வந்து தலைகீழாகக் கவிழ்த்தாள். ரிப்பன், உடைந்த கிரேயான், ஒற்றைச் சாக்ஸ். அவற்றுக்கு நடுவே சாவிவளையம் கோத்த ஒரு மஞ்சள் டேப், தீப்பெட்டி அளவு. மூன்று மீட்டர் இருக்கும். நான் அதைப் பார்த்ததே இல்லை.

"அம்மா வாங்கிக் குடுத்தாங்க. நானும் அளக்கணும்னு அழுதேன்ல, அப்போ. நான் கட்டில்ல ஏறி நுனியப் புடிச்சேன். அம்மா அந்தப் பக்கம். அம்மா சொன்னாங்க, என் டேப் பத்து பொய் சொல்லும், உன்னுது நிஜம் சொல்லும்னு. அப்புறம் மறந்துடக் கூடாதுன்னு என் மூஞ்சிய வரைஞ்சாங்க."

அந்த எண்ணில் நான் பத்தைக் கழித்திருக்கக் கூடாது. அதைச் சொல்லத்தான் என் மனைவி அந்த முகத்தை வரைந்து வைத்திருக்கிறாள். என்னிடம் வாயால் சொல்ல அவளுக்கு நேரம் இருந்திருக்கவில்லை.

"அளந்து பார்க்கலாமா?" என்றேன்.

சின்ன அறைக்குப் போனோம். அக்கா நிலைப்படியில் நின்றார். சில்லு கட்டிலில் ஏறி டேப்பின் நுனியை மூலையில் வைத்து இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தினாள். நகங்கள் வெளுத்தன. நான் மறுமுனை வரை இழுத்தேன். சுவரோடு ஒட்டிக் குனிந்து படித்தேன்.

இருநூற்றுத் தொண்ணூற்றாறு.

"எவ்ளோ?"

"அம்மா எழுதினதுதான். அதேதான்."

"நான் சொன்னேன்ல." அவள் நுனியை விடவில்லை. "நான் சொன்னேன்ல அப்பா. அம்மா தப்பா அளக்கவே மாட்டாங்க." பிறகு அவள் உதடு கோணியது. டேப்பைப் பிடித்தபடியே அழத் தொடங்கினாள். குழந்தை அழுகை மாதிரி இல்லை, ரொம்பப் பழைய அழுகையாக இருந்தது. நான் டேப்பைச் சுவரில் வைத்தபடி அப்படியே நின்றேன். நான் விட்டால் அது சுருண்டு அவள் விரலை வெட்டும். அக்காதான் ஓடி வந்து கட்டிலில் உட்கார்ந்து அவளைக் கட்டிக்கொண்டார். அக்காவும் அழுதார். டேப்பை மெதுவாக உள்ளே விட்டுக்கொண்டு அவர்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எனக்கு அழுகை வரவில்லை. சில்லு என் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டாள்.

மதியம் அக்கா சமைத்தார். மூன்று பேரும் சாப்பிட்டோம். தட்டைக் கழுவிக்கொண்டே, திரும்பாமல் கேட்டார்.

"படிவத்தை என்ன செய்ய?"

"சுவர் ஒண்ணு திரும்ப வெட்டணும் அக்கா. அதுக்கு அவ வேணும்."

"சுவர் ஒரு நாள்ல முடிஞ்சிடும். அதுக்கப்புறம்?"

"தலை பின்னக் கத்துக்கறேன். சாயங்காலம் கடைக்குக் கூட்டிட்டுப் போறேன். முதலாளிகிட்ட நான் பேசறேன்."

"நீங்களா பேசப் போறீங்க?" என்றார். கையைத் துடைத்துக்கொண்டு வந்து படிவத்தை இரண்டாக மடித்துத் தன் பையில் வைத்தார். கிழிக்கவில்லை. "அடுத்த ஞாயித்துக்கிழமை வருவேன். அடுப்பைத்தான் முதல்ல பார்ப்பேன்."

நாலு மணி பஸ்ஸுக்கு அவர் தனியாகப் போனார்.

கடையிலிருந்து கொண்டு வந்திருந்த மடிக்கணினியைத் திறந்தேன். சில்லு பக்கத்தில் நாற்காலி போட்டு, முட்டி போட்டு உட்கார்ந்தாள். கறுப்புத் திரையில் சின்ன அறையின் தரைப்படத்தைப் போட்டு, அதன் ஜன்னல் சுவரைப் பெரிதாக்கினேன். நீளம் நூற்று நாற்பத்து மூன்று மில்லிமீட்டர். அழித்தேன். நூற்று நாற்பத்தெட்டு. சிவப்புக் கோடு ஐந்து மில்லிமீட்டர் நகர்ந்து அடுத்த சுவரைத் தொட்டது.

"நான் எங்க நின்னேன் தெரியுமா?" என்றாள். "இங்க. கட்டில் மேல."

"சரி."

"அம்மா இங்க."

எதிர் மூலைக்குச் சற்று உள்ளே திரைமேல் விரலை வைத்தாள். அங்கே கோடு எதுவும் இல்லை. வெறும் கறுப்பு. விரலை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தாள். அவள் எடுக்கும்வரை நான் மவுஸைத் தொடவில்லை.