வருஷம் முழுக்க ஆடி

தமிழரசன் கண் விழித்தான். கட்டிலை விட்டு இறங்குமுன் தரையைப் பார்த்தான். பாயில் பாப்பா குப்புறக் கிடந்து காலை உதைத்துக்கொண்டிருந்தது. வெந்நீர் வைத்தான். புட்டியைக் கொதிநீரில் போட்டு எடுத்தான். பால் கலக்கி, மணிக்கட்டில் சொட்டுவிட்டுச் சூடு பார்த்தான். சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்து பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டான். ஆற்றில் தண்ணீர் விட்டாயிற்று. நாற்றங்காலுக்குப் போக வேண்டும்.

"நாற்காலி எதுக்குடா கெடக்கு? ஒனக்கா வலிப்பு?" என்றாள் அம்மா மங்களாம்பிகை. சொன்னபிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

எல்லாம் தரையில்தான் என்பது அவன் மனைவி வானதி வைத்த ஒழுங்கு. தனக்கு வலிப்பு வந்தாலும் பிள்ளை உயரத்திலிருந்து விழக்கூடாது. பால் கொடுப்பது, துணி மாற்றுவது, எல்லாமே கீழே.

கல்யாணமான முதல் ஆடிக்கு வானதி தாய்வீடு போய்த் திரும்பியதும் அம்மா ஆரம்பித்துவிட்டாள். திருக்காட்டுப்பள்ளி கடைத்தெருவில் நாலு பேர் விசேஷம் உண்டா என்று கேட்கிறார்களாம். வானதி அப்போது சாப்பிட்ட மாத்திரை வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது. தானாக நிறுத்தவும் கூடாது. வேறு மாத்திரைக்கு மெல்ல மாற்றி, வலிப்பு கட்டுக்குள் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பிள்ளை என்று தஞ்சாவூர் டாக்டர் சொல்லியிருந்தார்.

"நாங்கல்லாம் மாத்திரையப் பாத்தா பெத்தோம்? தூக்கிப் போடுடி அத."

வானதி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "சித்திரை வெயில்ல பொறந்தா ஆகாதுன்னு ஆடியில பிரிச்சு வைக்கிறீங்கள்ல அத்தை? எனக்கு இந்த வருஷம் முழுக்க ஆடின்னு வச்சுக்கங்க."

"அப்ப எம் மவன எங்கடி அனுப்புறது?"

"அவரு இங்கயே கெடக்கட்டும். டாக்டரு பிரிச்செல்லாம் வைக்கச் சொல்லல."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதன்பிறகு கடைத்தெருவில் யார் கேட்டாலும், "அவளுக்கு இன்னும் ஆடி முடியல" என்று அவளே பதில் சொன்னாள்.

புது மாத்திரையை ஒரு வேளையும் விடாமல் போட்டுக்கொண்டே வானதி பிள்ளையைச் சுமந்தாள். நர்ஸ் பிள்ளையைக் கொண்டுவந்தபோது தமிழரசன் உதட்டைப் பார்த்தான், விரல்களைப் பார்த்தான், முதுகைத் தடவிப் பார்த்தான். ஒரு குறையும் இல்லை.

நாலு மாதம் பிள்ளையோடு இருந்தாள். பிறகு தூக்கத்திலேயே வலிப்பு வந்து போய்விட்டாள். அன்றும் மாத்திரை போட்டிருந்தாள். அபூர்வமாக இப்படியும் நேரும் என்றார் டாக்டர். அவனுக்கு அழுகை வரவில்லை, இன்னும் வரவில்லை. ஆனால் பால் குடித்து முடித்ததும் பிள்ளை உடம்பை முறுக்கிச் சோம்பல் முறிக்கும்போதெல்லாம் கும்பிடத் தோன்றும். யாரை என்று தெரியும்.

அந்தக் கடைசி ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு வானதி சொன்னாள்:

"ஏங்க, பாப்பா கீழ பாயில இருக்கு. காலையில எந்திரிக்கறப்ப பாத்துக் கால வைங்க."