இரட்டை நாக்கு வால்வு

என் தம்பிக்கு யோசிக்கத் தெரியும், கையெழுத்துப் போடத்தான் வராது. அதனால்தான் பேட்டன்ட் என் பட்டறையின் பேரில் இருக்கிறது. இதைச் சொன்னால் நான் என்னவோ அவனை ஏமாற்றி எழுதி வாங்கிக்கொண்டதுபோல உறவுக்காரர்கள் பார்க்கிறார்கள். வக்கீலம்மா காகிதக் கட்டை நீட்டியபோது, "அக்கா, எல்லாத்தையும் உன் பேர்லயே போட்டுக்கோ, என்னை விட்டுடு" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனவன் அவன். கையில் கிரீஸ் என்று சாக்கு வேறு.

எங்கள் பட்டறையில் செய்வது ஒரே ஒரு சாமான். மூச்சுக் கோளாறு உள்ளவர்கள் வீட்டில் வைத்துக்கொள்கிற ஆக்சிஜன் மெஷினுக்குள் இருக்கும் வால்வு. மெஷின் அறைக் காற்றை இழுத்து, வடிகட்டி, ஆக்சிஜனைக் குழாய் வழியாக மூக்குக்கு அனுப்பும். காற்றை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றி மாற்றித் திருப்பிவிடுவதுதான் வால்வின் வேலை. பழைய வால்வுகள் நாள் முழுக்க டப் டப்பென்று அடித்துக்கொண்டே இருக்கும். நோயாளி தூங்கினாலும் வீட்டில் மற்றவர்கள் தூங்க முடியாது. தம்பி அதற்குள் அடித்துக்கொண்டிருந்த இரும்புத் தட்டைக் கழற்றி எறிந்துவிட்டு ஒரு ரப்பர் நாக்கை வைத்தான். சத்தம் போயே போய்விட்டது.

பேட்டன்ட் எழுத வக்கீலம்மா பட்டறைக்கே வந்தார். ஸ்டூலில் உட்கார்ந்து, "சார், இதையே வேற எப்படியெல்லாம் செய்யலாம்னு சொல்லுங்க. செஞ்சு பாக்காததா இருந்தாலும் பரவாயில்ல. எல்லாத்தையும் சேத்து எழுதிட்டா வேற யாரும் கிட்ட வர முடியாது" என்றார்.

என் தம்பியிடம் கேட்கிற கேள்வியா இது? வேலை பெஞ்சில் மல்லாந்து படுத்துக்கொண்டு சாயங்காலம் வரை பேசினான். காந்தம் வைத்து, ஸ்பிரிங் வைத்து, காந்தமும் ஸ்பிரிங்கும் வைத்து என்று போய்க்கொண்டே இருந்தது. வக்கீலம்மா பையை மூடும்போது, "இன்னொண்ணு. ரெண்டு நாக்கை எதிரெதிரா வச்சா, ஒண்ணு விடுற காத்துலயே இன்னொண்ணு திறந்துக்கும். கரண்டே அவ்வளவா இழுக்காது. ஆனா ரெண்டும் ஒட்டிக்கும், வேலைக்கு ஆகாது" என்றான். வக்கீலம்மா பையைத் திறந்து அதையும் எழுதிக்கொண்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்தப் பேட்டன்டைக் குறை சொல்லவும் எனக்கு வாய் வராது. ஒரு ஆள் வாடிக்கையாளர் மாதிரி வந்து, எங்கள் காபியையும் குடித்து, வால்வை வாங்கிப்போய் அப்படியே அச்செடுத்து விற்க ஆரம்பித்தான். எங்கள் அச்சில் ஒரு கோணல் உண்டு, நாக்கின் ஓரத்தில் சின்னதாக ஒரு பிசிறு விழும். மகராசன் அந்தப் பிசிறையும் விடாமல் காப்பியடித்திருந்தான். வக்கீலம்மா ஒரு நோட்டீஸ் விட்டதும் கடையைக் கட்டிக்கொண்டு போனான். நோட்டீஸ் விட வழியில்லாதிருந்தால் கடையைக் கட்டியிருப்பது நாங்கள்தான். லேத் ஓட்டுகிறவர், ரப்பர் வெட்டுகிற இரண்டு பெண்கள், பேக்கிங்கில் இருக்கிற என் பெரியம்மா மகள், எல்லோரும் வீட்டுக்குப் போயிருப்பார்கள். அன்றைக்குப் பேட்டன்ட் சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினேன். "கல்யாண போட்டோ மாதிரி மாட்டிருக்கியேக்கா" என்று தம்பி சிரித்தான்.

அதற்குப் பிறகு அவனுக்கு அந்த இரண்டு நாக்கு யோசனை தலையில் ஏறிக்கொண்டது. நானோ ஆர்டர் முடியட்டும், ஆர்டர் முடியட்டும் என்றேன். ஆர்டர் எங்கே முடிகிறது? ஒருநாள் பெரிய மெஷின் கம்பெனி ஒன்றில் அவனுக்கு வேலை கிடைத்தது. அங்கே சோதனைக்கூடமே எங்கள் பட்டறையைவிடப் பெரியது. சண்டை எதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வீட்டுக்கு வருவான், சாப்பிடுவான், அப்பாவின் மெஷினை ஒரு தட்டுத் தட்டிப் பார்ப்பான்.

அப்பா என்னோடுதான் இருக்கிறார். நுரையீரல் சுருங்கிக்கொண்டே வருகிற வியாதி. கூடத்து மூலையில் மெஷின், அதற்குள் எங்கள் வால்வு, அதிலிருந்து நீளமான குழாய், குழாயின் முனையில் அப்பா. குழாய் வாசல்படி வரைக்கும் எட்டும். அதுவரை போய் நின்று, மாடியிலிருந்து தெருவை எட்டிப் பார்த்துவிட்டு வருவார். கீழே இறங்கிப் பேசாமல் அவருக்கு இருப்புக் கொள்ளாது, அப்படிப்பட்ட மனுஷர். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ரொம்பக் காலம் எதிர்பார்க்க வேண்டாம் என்று சொல்லியிருந்தார். அப்பாவிடம் அதை யாரும் சொல்லவில்லை. அவருக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி தோளில் மாட்டுகிற பை ஒன்றைக் கொண்டுவந்தான். பைக்குள் மெஷின். பேட்டரியில் ஓடியது.

"சோதனைக்கு நாலஞ்சு பேருக்குக் குடுத்திருக்கோம். அப்பா, மாட்டிக்கிட்டு நடங்க" என்றான்.

அப்பா மாட்டிக்கொண்டார். வாசல்படியில் பழக்கதோஷத்தில் நின்றார். பிறகு தாண்டினார். படியிறங்கி, தெருமுனை தையல்கடை வரைக்கும் போய், தையல்காரரோடு வம்பளந்துவிட்டு வந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. தம்பியைக் கட்டிக்கொண்டேன்.

அவன் போன பிறகு, அப்பா கூடத்துப் பெரிய மெஷினின் குழாயோடு படுத்திருக்கும்போது, ஸ்குரூடிரைவரை எடுத்துப் பையில் இருந்ததைத் திறந்தேன். தொழில் புத்தி, விடாது. உள்ளே எதிரெதிராக இரண்டு நாக்கு.

மறுநாள் தம்பிக்குப் போன் போட்டேன்.

"அது என் பேட்டன்ட்ல இருக்குடா."

"உன் பேட்டன்ட்ல இருக்கிறதே என் வாய்ல இருந்து வந்ததுதானேக்கா."

"வந்ததுதான். ஒட்டிக்கும்னு சொன்னியே."

"இப்ப ஒட்டல."

"எப்படிடா ஒட்டாம பண்ண?"

"அதைச் சொல்லக்கூடாதுக்கா. கையெழுத்துப் போட்டிருக்கேன்."

இங்கே போட வராத கையெழுத்து அங்கே மட்டும் வந்திருக்கிறது. எனக்கு வந்த கோபத்தில் போனை வைத்துவிட்டேன். பிறகு வைத்ததற்காக வருத்தப்பட்டேன். யார்மேல் கோபம் என்றே புரியவில்லை. அந்தச் சின்ன மெஷின் சந்தைக்கு வந்தால் பெரிய மெஷினை யார் வாங்குவார்கள்? பெரிய மெஷின் போனால் எங்கள் வால்வு போச்சு. என் பட்டறையை இழுத்து மூடப்போவது என் தம்பியின் யோசனை. அதைத் தடுக்க என்னிடம் இருப்பதும் அவன் யோசனைதான். அவன் வாயைக்கொண்டே அவன் கையைக் கட்டவேண்டும். இதில் நான் நல்லவளா கெட்டவளா என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். "ரெண்டுமே இல்ல, நீ பாட்டுக்கு வேலையப் பாரு" என்றார். அவரிடம் கேட்டது என் தப்பு.

வக்கீலம்மா மட்டும்தான் குழம்பவில்லை. "நோட்டீஸ் தம்பிக்கு இல்ல மேடம், கம்பெனிக்கு" என்றார். அப்படிச் சொன்னதும் எனக்குச் சௌகரியமாக இருந்தது. கையெழுத்துப் போட்டேன். ஒரு வீட்டில் குடியிருப்பதுபோல, என் பேட்டன்டுக்கு வாடகை கொடுத்துவிட்டு மெஷினைச் செய்யட்டுமே, நானும் பிழைப்பேன், அவனும் செய்வான் என்பதுதான் என் கணக்கு.

கம்பெனி வாடகைக்கு வரவில்லை. பதில் வந்ததை வக்கீலம்மா படித்துச் சொன்னார். எனக்கு இரண்டு தடவை சொல்லவேண்டியிருந்தது.

"ரெண்டு நாக்கு வைக்கிறது உங்களோடது. அது ஒட்டாம இருக்க ஒரு வடிவம் கண்டுபிடிச்சிருக்காங்க, அது அவங்களோடது. அதுக்குத் தனியா பேட்டன்ட் வாங்கிட்டாங்க. நீங்க இல்லாம அவங்க செய்ய முடியாது. அவங்க இல்லாம நீங்களும் செய்ய முடியாது."

"அப்ப சேர்ந்து செய்யலாமே?"

"உங்க பேட்டன்டையே மொத்தமா விலைக்குக் கேக்கறாங்க. வித்துட்டீங்கன்னா, நாளைக்கு உங்க பழைய வால்வைக்கூட அவங்க அனுமதி இல்லாம செய்ய முடியாது."

"விக்கலைன்னா?"

"காத்திருக்கணும் மேடம். யாராவது ஒருத்தர் சலிச்சுப் போற வரைக்கும்."

"ரெண்டையும் கண்டுபிடிச்சவன் ஒரே ஆள்."

"சட்டத்துக்கு அது முக்கியமில்ல" என்றார் வக்கீலம்மா. அவர்மேல் தப்பில்லை. நல்ல மனுஷிதான்.

விற்கவில்லை. கம்பெனி அந்த மெஷினை அலமாரியில் தூக்கி வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விட்டது. சோதனைக்குக் கொடுத்ததையெல்லாம் திரும்பி வாங்கிக்கொண்டார்கள். அப்பாவிடம் இருந்ததைத் தம்பி தொலைந்துபோய்விட்டது என்று எழுதிக் கொடுத்துவிட்டான். கம்பெனியில் அவனை நன்றாகத் திட்டினார்களாம். எனக்கு அந்த மாதமே ஒரு பெரிய மருத்துவமனையிலிருந்து ஆர்டர் வந்தது. லேத்காரர் எல்லோருக்கும் இனிப்பு வாங்கிக் கொடுத்தார். நானும் வாயில் போட்டுக்கொண்டேன். ஜெயித்திருக்கிறோம் என்று எல்லோரும் சொன்னார்கள். சந்தோஷமாகத்தான் இருந்தது, ஆனால் எதில் ஜெயித்தோம் என்று யாராவது கேட்டிருந்தால் முழித்திருப்பேன்.

தொலைந்துபோன மெஷினை மாட்டிக்கொண்டு அப்பா தினமும் தையல்கடைக்குப் போய்வந்தார். ஒருநாள் பாதிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். உதடு நீலம் பூத்திருந்தது. தூக்கிக்கொண்டுவந்து பெரிய மெஷினில் போட்டோம். பையைத் திறந்தால் ஒரு நாக்கு கிழிந்திருந்தது. மற்ற நாக்கின் வடிவம் வேறு. கிழிந்ததைப் பார்த்து அப்படியே காப்பியடிக்கவும் முடியாது, நுனி எங்கேயோ பிய்ந்து போய்விட்டது. அந்த நுனியில்தான் விஷயமே இருக்கிறது. கம்பெனியின் பேட்டன்டிலும் எங்களுடையதைப் போலவே எல்லா வடிவத்தையும் சேர்த்து எழுதியிருந்தார்கள், ஒட்டாதது எது என்று அதில் இல்லை.

அப்பா மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார். "நாளைக்கு சரி பண்ணிடுவேல்ல? தையல்காரன்கிட்ட வர்றேன்னு சொல்லிருக்கேன்."

விஷயம் தெரிந்து தம்பி ஞாயிற்றுக்கிழமை நேராகப் பட்டறைக்கு வந்தான். வேறு யாரும் இல்லை. வந்தவன் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோரமாக நின்றான்.

"வந்து வெட்டுடா."

"நான் தொடக்கூடாது. நான் இந்த விஷயத்துல எதைத் தொட்டாலும் கம்பெனியோடது."

"அப்ப சொல்லு, நான் வெட்டறேன்."

"சொல்லவும் கூடாது."

"பின்ன எதுக்குடா வந்த?"

கத்தியை எடுத்து, ரப்பர் ஷீட்டில் எனக்குத் தோன்றியபடி ஒரு நாக்கை வெட்டினேன். தூக்கிப் பிடித்தேன். தம்பி இருமினான். சளிதான் பிடித்திருக்கிறது என்று நினைத்து, வால்வில் வைக்கப்போனேன். மறுபடி இருமினான். திரும்பிப் பார்த்தேன். சுவரில் மாட்டியிருந்த பேட்டன்ட் சான்றிதழையே அக்கறையாகப் படித்துக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வேறொன்றை வெட்டினேன், நுனியைக் கூராக்கி. இருமினான். வட்டமாக்கினேன். இருமினான். ஒரு பக்கம் மட்டும் லேசாகச் சீவினேன். இருமல் வரவில்லை. இன்னும் கொஞ்சம் சீவினேன், பலமாக இருமினான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனுக்கும் வந்தது. சின்ன வயதில் அம்மாவுக்குத் தெரியாமல் டப்பாவிலிருந்து முறுக்கு எடுத்துத் தின்றபோதுகூட நாங்கள் இவ்வளவு பயந்ததில்லை. அதுவும் என்னுடைய சொந்தப் பட்டறையில், அவனுடைய சொந்த யோசனைக்கு. மத்தியானம் வாக்கில் இருமல் அடியோடு நின்றது. வால்வில் வைத்து ஓட்டினேன். இரண்டு நாக்கும் ஒட்டாமல், சத்தமில்லாமல் திறந்து மூடின.

என் அச்சைக் காப்பியடித்தவனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. வக்கீலம்மாவிடம் கேட்கவும் இல்லை.

"நல்லா இருக்குல்ல?" என்றான் தம்பி. அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லலாமாம்.

சாயங்காலம் அப்பா பையை மாட்டிக்கொண்டு இறங்கினார். பயத்தில் நானும் கூடவே போனேன். தையல்காரர் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். அப்பா உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து வம்பை ஆரம்பித்தார். தையல்காரர் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார், ஆனால் அவர் கண் பையிலேயே இருந்தது. என்னைக் கடைக்குள் கூப்பிட்டார்.

"ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேன்மா. நம்ம வீட்லயும் மெஷின்தான். என் சம்சாரம் கட்டிலை விட்டு எறங்கி ரெண்டு வருஷம் ஆகுது. இந்தக் கடையை அவ பாத்ததே இல்ல. அப்பா வெச்சிருக்கிற மாதிரி பை மெஷின் எங்க கிடைக்கும்?"

"இது விக்கிறதில்லைங்க."

"அப்படியா. சரியா வேலை செய்யலையாம்மா?"

"நல்லா வேலை செய்யுது."

"செய்யத் தெரிஞ்ச ஆளு யாரும் இல்லையா?"

"இருக்காங்க."

அவர் கையிலிருந்த துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். என்மேல் சந்தேகப்படுகிற மனுஷர் இல்லை. தனக்குத்தான் ஏதோ விளங்கவில்லை என்பதுபோல என் முகத்தைப் பார்த்தார்.

"அப்புறம் ஏம்மா விக்கிறதில்ல?"

எங்கிருந்து ஆரம்பிப்பது என்று யோசித்தேன். வெளியே அப்பா சிரித்துக்கொண்டிருந்தார். தையல்காரர் நான் சொல்லப்போவதைக் கேட்பதற்காகத் துணியைக் கீழே வைத்துவிட்டு நின்றார்.

"நான்தாங்க நிறுத்தினேன்" என்றேன்.